ஒழுக்க வாரியமும் ரோசெட்டாவின் நடையும்

ஆல்சீடின் கைக்குட்டை ஆபாசமானது என்று சிகாகோவின் நடன ஒழுக்க வாரியம் ஏகமனதாகத் தீர்மானித்தது. கைக்குட்டை வெள்ளை நிறம். நல்ல பருத்தி. அவன் மனைவி ரோசெட்டா துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடுத்தது. அதில் ஒரு படம் இல்லை, ஒரு எழுத்து இல்லை. அதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது என்றார் வாரியத் தலைவர்.

இப்படி ஒரு வாரியம் எதற்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் உலக யுத்தம் முடிந்து பையன்கள் ஊர் திரும்பினார்கள். பெண்கள் கூந்தலைக் கத்தரித்தார்கள், பாவாடையை முழங்கால்வரை ஏற்றினார்கள், ஓட்டுப் போட்டார்கள், சிகரெட் பிடித்தார்கள். சாராயத்தைச் சட்டம் போட்டு ஒழித்த மறுநாளிலிருந்து ஊரே குடிக்க ஆரம்பித்தது. நாடு இப்படிக் கெட்டதற்குக் காரணம் என்ன என்று பெரிய மனிதர்கள் கூடி யோசித்தார்கள். யுத்தத்துக்குப் பையன்களை அனுப்பியது அவர்கள். சாராயச் சட்டம் கொண்டுவந்ததும் அவர்கள். ஆகவே காரணம் வேறு எங்காவதுதான் இருந்தாக வேண்டும். நகரத்தின் தெற்குப் பகுதியில், கறுப்பர்கள் குடியிருக்கும் தெருக்களில், சனிக்கிழமை சாயந்திரங்களில் ஊதப்படும் கொம்புக்குள் அது ஒளிந்திருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். உடனே வாரியம் அமைத்தார்கள்.

ஆல்சீட் அப்படிக் கொம்பு ஊதுகிறவன். கார்னெட் என்பது அதன் பெயர். தெற்குப் பகுதியில் எல்லோருக்கும் அது வெறும் கொம்புதான். வாரம் முழுக்கக் கசாப்புத் தொழிற்சாலையில் பன்றிகளைக் கொக்கியில் மாட்டுவான். சனிக்கிழமை வந்தால் உடம்பை வெந்நீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ரத்த வாடை போன பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஐசமின் நடன மண்டபத்துக்குப் போவான். ஊதும்போது வலது கையின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொள்வான். அவன் பிறந்து வளர்ந்த நியூ ஆர்லியன்சில் கொம்புக்காரர்களுக்கு அது பழக்கம். கொம்பில் மூன்றே பொத்தான்கள். எந்த விரல் எதை எப்போது அமுக்குகிறது என்று இன்னொருவன் பார்த்துவிட்டால், பாட்டு அவனுடையதாகிவிடும். வீடு இல்லாதவன், நிலம் இல்லாதவன், பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாதவன், பாட்டையாவது மூடிவைத்துக்கொள்ள மாட்டானா? இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் வந்து கெஞ்சியபோதுகூட ஆல்சீட் மறுத்துவிட்டான். "பெட்டியில போட்டுட்டா எவன் வேணா தெறந்து பாப்பான்யா" என்று அனுப்பிவிட்டான்.

அவன் காத்தது ஒரே ஒரு பாட்டை. அதன் பெயர் 'ரோசெட்டாவின் நடை'.

ரோசெட்டா முன்பு பெல்கிரேவ் ஹோட்டலின் நிலவறையில் சலவை வேலை பார்த்தாள். ஏரிக்கரையில் இருக்கும் பெரிய ஹோட்டல் அது. முன்வாசல் வெள்ளையர்களுக்கு, பின்வாசல் அழுக்குத் துணிக்கும் ரோசெட்டாவுக்கும். ஒருநாள் ஈர விரிப்புகள் ஏற்றிய இரும்பு வண்டி சரிவில் உருண்டு வந்து அவள் இடது காலில் ஏறியது. ஹோட்டல் வைத்தியர் எலும்பைக் கோணலாகச் சேர்த்துவைத்தார். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, விரிப்புகள் அழுக்காகிவிட்டனவே என்று வருத்தப்பட்டார். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் காலையில், ஆல்சீட் கட்டிலில் படுத்தபடி சமையலறையில் அவள் நடப்பதைக் கேட்டான். ஒரு காலடி சரியாக விழுந்தது. அடுத்தது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. கொஞ்சம் இழுத்து, இனி வராதோ என்று நெஞ்சு பதறும்போது வந்தது. முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதான். பிறகு எழுந்து கொம்பை எடுத்தான். அந்தப் பிந்தி விழும் அடிதான் பாட்டு. அது வரும்வரை ஆடுகிறவர்களின் இடுப்பு அந்தரத்தில் நிற்கும். வந்ததும் மண்டபமே சேர்ந்து இறங்கும்.

"என் நொண்டலை ஊரெல்லாம் ஆடுதேய்யா" என்று ரோசெட்டா முதலில் கோபப்பட்டாள்.

"நொண்டலா? இந்த ஊர்ல உன்ன மாதிரி நடக்க ஒருத்தியாலயும் முடியலன்னு எல்லாரும் பழகிட்டு இருக்காங்கடி" என்றான் அவன்.

வாரியம் ஒரு சனிக்கிழமை மாடியேறி வந்தது. தாய்மார் சங்கத்தைச் சேர்ந்த திருமதி பென்னிக் அம்மையார்தான் வந்தவர். கையில் பள்ளிக்கூட மர அளவுகோல், கழுத்தில் விசில், கைப்பையில் பைபிள். ஆடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் பைபிள் தாராளமாகப் போய்வர வேண்டும் என்பது விதி. அம்மையார் ஒவ்வொரு ஜோடியாக நிறுத்தி பைபிளை நுழைத்துப் பார்த்தார். ரயிலில் சுமைதூக்கும் மாமா ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் அது போகவில்லை. அவருக்குத் தொந்தி.

"விலகி நில்லுங்க!" என்றார் அம்மையார்.

"நான் விலகிட்டேங்க. வயிறுதான் விலகல" என்றார் மாமா.

"அந்தம்மா யாரு?"

"என் பொஞ்சாதிங்க. பேரன் பேத்தி எடுத்தாச்சு."

"இது என்னைக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார் அம்மையார், முகம் இறுகி.

பிறகு மேடையைப் பார்த்தார். கைக்குட்டைக்கு அடியில் ஒரு கறுப்பு மனிதனின் விரல்கள் அசைவதைப் பார்த்தார். விசிலை ஊதினார்.

"அதுக்கு அடியில என்ன பண்றே?"

"ஊதுறேங்க."

"வாயாலதானே ஊதுறே? கை எதுக்கு அசையுது? எதுக்கு மூடியிருக்கே? நல்ல காரியத்த யாராவது மூடிப் பண்ணுவாங்களா?"

அன்றே மண்டபத்தின் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. வாரியத்தின் முன் வந்து, சந்தேகத்துக்கு இடமான பாட்டை ஊதிக் காட்டினால் முடிவு சொல்வதாக உத்தரவு வந்தது.

மண்டபக்காரன் ஐசம் ஓடிவந்தான். "அண்ணே, ஒரு தடவ ஊதிட்டு வந்துருண்ணே. மண்டபம் மூடிக் கெடந்தா நான் செத்தேன். உன் கோஷ்டிக்கும் சோறு இல்ல."

"போகாதய்யா. கேக்குற விதத்தைப் பாத்தா ஆபாசம் தேடி வந்தவனா தெரியல, திருட வந்தவனா தெரியுது" என்றாள் ரோசெட்டா.

"அரசாங்க வாரியம்டி. அவங்களுக்கு என் பாட்டு எதுக்கு? அதைப் பாவம்னுல சொல்றாங்க" என்றான் ஆல்சீட். பாவம் என்று சொல்கிறவனுக்கு அது வேண்டியிருக்காது என்று நம்பிவிட்டான், அப்பாவி.

வாரியம் கூடிய அறையில் பளிங்குத் தரை. தலைவர் கிரம்லி, ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர்களுக்கு முன்னால் பீங்கான் கோப்பைகளில் மருந்து வைத்திருந்தார்கள். சாராயம் தடை, ஆனால் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மருந்து. அன்றைக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் உடம்பு சரியில்லை. முன்வரிசையில், கொம்புக்கு நேர் எதிரே, தலைமயிரில் எண்ணெய் பளபளக்க ஒரு வெள்ளைக்காரன் மடியில் இசைத்தாளோடு உட்கார்ந்திருந்தான். வாரியத்தின் இசை நிபுணர் மெர்ட்டன் கேல். பெல்கிரேவ் ஹோட்டல் வாத்தியக் குழுவின் தலைவர்.

"பையா, கைக்குட்டையை எடு" என்றார் நீதிபதி. ஆல்சீடுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

"ஐயா, அது எங்க தொழில் பழக்கங்க. கைக்குட்டையோடவே ஊதிடுறேனே."

"கேட்டீங்களா! நிர்வாணமா ஊதத் தயங்குறான்" என்று கத்தினார் பென்னிக் அம்மையார்.

கைக்குட்டை எடுக்கப்பட்டது. ஒரு காவலர் அதை இடுக்கியால் பிடித்துக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டார். ஆல்சீடின் விரல்கள் எல்லோர் முன்னாலும் நின்றன. வெட்கமாக இருந்தது அவனுக்கு. எதற்கு வெட்கம் என்று புரியவில்லை, ஆனாலும் கூசியது.

ஊதினான். பிந்தி விழும் அடி வந்ததும் ஐந்து உறுப்பினர்களின் பாதங்களும் மேசைக்கு அடியில் ஒன்றாகத் தட்டின.

"பார்த்தீர்களா!" என்றார் நீதிபதி. "என் கால் அசைந்தது. முப்பது வருஷம் மனிதர்களைச் சிறைக்கும் தூக்குமேடைக்கும் அனுப்பிய என்னுடைய காலே! அப்போதெல்லாம் என் உடம்பில் ஒரு ரோமம் அசைந்ததில்லை. இந்தப் பாட்டுக்கு அசைகிறது என்றால் இது எவ்வளவு அபாயமானது! மறுபடி ஊது. உறுதிப்படுத்த வேண்டும்."

உறுதிப்படுத்தினார்கள். பாதிரியார் ஒருவர் தன் தோளில் பாவம் இறங்குவது போல் இருந்ததாகவும், அது இடது தோளா வலது தோளா என்று தெரிய இன்னொரு தடவை வேண்டும் என்றும் கேட்டார். வைத்தியர் ஒருவர், இது முதுகெலும்பைத் தளர்த்துகிறது என்று சொல்லி, தளர்ந்ததைக் காட்ட எழுந்து பென்னிக் அம்மையாரோடு அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். நடுவில் பைபிள் போக இடமில்லை. அது சோதனை என்பதால் விதிவிலக்கு. ஒவ்வொரு முறையும் மிஸ்டர் கேல் மட்டும் அசையவில்லை. கண்ணை விரல்களை விட்டு எடுக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"நடுவுல ஒரு இடம் சரியா பிடிபடல. அங்க மெதுவா ஊதச் சொல்லுங்க" என்றார் அவர்.

"ஆபாசத்தை மெதுவாக ஊது" என்று நீதிபதி உத்தரவிட்டார்.

உதடு வெடித்து ரத்தம் கசியும்வரை ஊதினான். பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டு ஆபாசம். அதை ஐசமின் மண்டபத்திலோ தெற்குப் பகுதியில் வேறெங்குமோ இனி வாசிக்கக் கூடாது. கைக்குட்டை சாட்சியப் பொருளாக வாரியத்திடமே இருக்கும். மறு உத்தரவு வரும்வரை மண்டபமும் மூடியே இருக்கும்.

பனிக்காலம் போய் ஸ்டேட் தெருவில் கடைகள் கதவைத் திறந்துவைக்கிற காலம் வந்தது. ஒரு மதியம் சோளமாவு வாங்கப் போன ரோசெட்டா, ரேடியோக் கடை வாசலில் நின்றுவிட்டாள். ஒலிபெருக்கியில் நீதிபதி கிரம்லியின் குரல்.

"கனவான்களே, சீமாட்டிகளே! இந்த இசை சேற்றில் கிடந்தது. அதை நாங்கள் எடுத்தோம். கழுவினோம். இன்று நம் பெண்கள் காதில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதை வெளுத்துவிட்டோம். அமெரிக்காவின் சொந்த இசை! பெல்கிரேவ் ஹோட்டலின் அரங்கிலிருந்து, மெர்ட்டன் கேல் இயற்றிய 'லில்லி மலர் நடை'!"

வயலின்கள் எழுந்தன. அவளுடைய பாட்டு. முழுப் பாட்டும். ஆனால் அந்தப் பிந்தி விழும் அடி வரவேண்டிய இடத்தில், கடிகாரம் போல் நேரத்துக்கு வந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கேல் அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாவுப் பையை மேசையில் அடித்து வைத்தாள். மேசையெல்லாம் மாவு பறந்தது.

"எந்த ஹோட்டல் என் காலை ஒடிச்சதோ அதே ஹோட்டல்ல என் காலை நிமித்திட்டாங்கய்யா. துட்டு இல்லாம, வைத்தியம் இல்லாம, வயலின்லயே!" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று போயிற்று. "திருடுனது போகட்டும். திருடுனதுல என்னை மட்டும் வெளிய தூக்கிப் போட்டான் பாரு, அதுதான்யா என் வயித்துல எரியுது."

ஆல்சீட் மறுநாளே வாரியத்துக்குப் போனான். நீதிபதி பொறுமையாக விளக்கினார்.

"பையா, உன் பாட்டும் அவர் பாட்டும் ஒண்ணுன்னு சொல்றியா? ஒண்ணுன்னா அது தடை செஞ்ச பாட்டு. தடை செஞ்ச பாட்டு உன்னோடதுன்னு நீயே ஒத்துக்கிட்டா உன்ன உள்ள வைக்கணும். வேற வேறன்னா, உனக்கு இங்க என்ன வேலை?"

"ஐயா, நான் ஊதுனப்போ ஆபாசம்னீங்க. அவரு வாசிச்சா கைதட்டுறீங்க."

"அவர் உட்கார்ந்து வாசிக்கிறார், தம்பி! கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. எதையும் மூடி மறைக்கவில்லை. அவர் எங்கே படித்தார் தெரியுமா?"

ஆல்சீடுக்குத் தெரியும். இதே அறையில், முன்வரிசையில், தன் விரல்களைப் பார்த்துப் படித்தார். அந்த அறையில் அதைச் சொன்னால் வீடு திரும்ப முடியாது.

"இருந்தாலும் வாரியத்துக்குக் கருணை உண்டு" என்றார் நீதிபதி. "மண்டபத்தைத் திறந்துக்கலாம். ஆனா மிஸ்டர் கேல் எழுதினபடிதான் வாசிக்கணும். அவர் பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்திருக்கார். அங்க இங்க இழுக்கக் கூடாது. ஒவ்வொரு அடியும் நேரத்துக்கு விழணும். கண்காணிக்க ஆள் வருவாங்க."

மண்டபம் திறந்தது. தெற்குப் பகுதியே மாடியேறி வந்தது. பென்னிக் அம்மையார் அளவுகோலோடு முன்னால் உட்கார்ந்தார். ஆல்சீட் வெறும் விரல்களோடு கேல் எழுதியதை எழுதியபடி ஊதினான். ஒவ்வொரு அடியும் நேரத்துக்கு விழுந்தது. யாரும் ஆடவில்லை. ஜோடிகள் கையைப் பிடித்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

டிரம் அடிக்கும் ஜூபல் குனிந்து சொன்னான்: "எங்க ஊர்ல பொணத்தைப் பொதச்சிட்டு வரப்பகூட இதவிட நல்லா ஆடுவோம்ணே."

"மிக நன்று!" என்றார் பென்னிக் அம்மையார். "இதுதான் ஒழுக்கமான நடனம். யாரும் அசையவே இல்லை."

ஆல்சீடின் கண் கலங்கியது. இனி இதை ஊத மாட்டேன், கொம்பை விற்றுவிட்டுப் பன்றிகளோடு கிடப்பேன் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தான். பாட்டைப் பாதியில் நிறுத்திக் கொம்பை இறக்கினான். மண்டபம் மௌனமாயிற்று.

அந்த மௌனத்தில், சனிக்கிழமைகளில் மண்டபத்துக்குச் சமைத்துப் போடும் ரோசெட்டா சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு கையிலும் சிவப்பு பீன்ஸும் சோறும் நிறைந்த தட்டுகள். மண்டபத்தின் மறுகோடியில் தொந்தி மாமா பசியோடு உட்கார்ந்திருந்தார். அவரை நோக்கி மரத்தரையின் நடுவே நடந்தாள். ஒரு அடி விழுந்தது. அடுத்தது வரவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். வந்தது.

ஜூபலின் குச்சி டிரம்மின் விளிம்பைத் தொட்டது. அவள் காலடி, அவன் குச்சி. அவள் காலடி, அவன் குச்சி. ஒரு பெண்ணின் இடுப்பு இறங்கியது. பிறகு ஒரு வரிசையே இறங்கியது. ரோசெட்டா மாமாவிடம் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வரும் வழியில் இடுப்பிலிருந்து புதிதாக இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை உருவிக் கணவனின் வலது கையின் மேல் போட்டாள். கொம்பு வாய்க்குப் போனது. மண்டபம் கிடுகிடுத்தது. கீழே நாற்காலிக் கடையில் நாற்காலிகள் சரிந்தன.

விசில் காதைக் கிழித்தது. "நிறுத்து! நிறுத்து! அனுமதி இல்லாத தாளம்! யார் ஆரம்பிச்சது?"

"யாரும் ஆரம்பிக்கலைங்க. அக்கா சோறு கொண்டு போனாங்க" என்றான் ஜூபல்.

பென்னிக் அம்மையார் அளவுகோலை நீட்டினார். "ஏய், நீ! நேரா நட!"

ரோசெட்டா அவர் முன்னால் வந்து நின்றாள். பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, கோணிப்போன எலும்பைக் காட்டினாள்.

"அளந்துக்கோங்கம்மா. கையிலதான் கட்டை இருக்கே. இதை ஒடிச்சது உங்க பெல்கிரேவ் ஹோட்டல். கோணலா ஒட்டவச்சதும் அவங்கதான். உங்க வாரியத்துல தீர்மானம் போட்டு இதை நிமித்திக் குடுங்க, நேரா நடக்குறேன். அதுவரைக்கும் என் வீட்டுத் தரையில, எங்க மண்டபத்துத் தரையில, எனக்கு எப்படி நடக்க வருதோ அப்படித்தான் நடப்பேன். பிடிக்கலன்னா கண்ணை மூடிக்கோங்க. அதையும் கைக்குட்டை போட்டு மூடாதீங்க, ஆபாசமாயிடும்."

அம்மையார் மாடிப்படி இறங்கிப் போனார்.

வாரியம் அவசரமாகக் கூடியது. மருந்து அருந்தியது. நடை என்பது கட்டுப்பாடில்லாமல் விடப்பட்ட ஒரு தாளம் என்றும், அது நம் குழந்தைகளின் காதுக்கு எட்டிவிடும் என்றும் நீதிபதி உருக்கமாகப் பேசினார். இசை நடக்கும் இடங்களில் கால் ஊனமுற்றோர் நடமாடக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, அதைக் கண்காணிக்க மாடிப்படியின் மேலே பென்னிக் அம்மையாரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தது.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் அம்மையார் அளவுகோலோடு காத்திருந்தார். கீழே தெருக்கதவு திறந்தது. முதல் படியில் ஒரு காலடி விழுந்தது. அடுத்தது வரவில்லை. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். காலடி வந்தது. எட்டிப் பார்த்தார். ரோசெட்டா இல்லை; தொந்தி மாமா. அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால் கசாப்புத் தொழிற்சாலைக்காரர்கள், சலவைக்காரிகள், சமையல்காரிகள், கூந்தல் கத்தரித்த பெண்கள். படிக்கட்டு முழுக்க, தெருமுனைவரைக்கும், வந்த அத்தனை பேரும் இடது காலை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரோசெட்டா மட்டும் நிதானமாக, எப்போதும் நடப்பது போல நடந்து வந்தாள்.